பின்சாய்கோடும் திகதியும்: ஸ்ட்ரிங் எஸ்கேப், திகதி வடிவப் பிழைகளைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

‘நிலாவெளி’ என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் பெயர் வைத்த போல்டருக்குள் இருக்கும் கோப்பைப் பைதான் என்ற நிரல் மொழி திறக்க மறுக்கும். பக்கத்தில் ‘கிண்ணியா’ போல்டரில் இருக்கும் அதே கோப்பை ஒரு முணுமுணுப்போடு திறந்துவிடும். திருகோணமலையில் ஊர்ப் பெயர் வைத்து போல்டர் பிரிக்காத அலுவலகம் குறைவு என்பதால் இந்தப் பிழை இங்கே அடிக்கடி தலைகாட்டும். பிரச்சினை போல்டரில் இல்லை. ஊர்ப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது.

திகதிப் பிழைகளும் இதே குடும்பம்தான். நீங்கள் வெறும் எழுத்து என்று நினைத்து அடித்ததை, வாசிக்கிற மென்பொருள் கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே பிழை தேடும்போது கேட்க வேண்டிய கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்த எழுத்தை இப்போது வாசிப்பது யார், அவர் இதைக் கட்டளையாக எடுப்பாரா? (‘ஸ்ட்ரிங்’ என்பது நிரலில் மேற்கோளுக்குள் எழுதும் எழுத்து வரிசை. ‘எஸ்கேப்’ என்பது முன்னால் ஒரு குறி சேர்த்து, ஓர் எழுத்தின் பொருளை மாற்றுவது.)

பின்சாய்கோட்டை, அதாவது \ குறியை, 1961இல் ஆஸ்கி எழுத்துத் தொகுதிக்குள் (கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல்) கொண்டுவந்தவர் பாப் பெமர். ஆண்டை இரண்டு இலக்கத்தில் சேமித்தால் 2000இல் சிக்கல் வரும் என்று 1971இலேயே அச்சில் எச்சரித்தவரும் அவர்தான். நம்மை அலைக்கழிக்கும் இரண்டு விடயத்திலும் ஒரே மனிதரின் கை இருக்கிறது.

கீழே ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே சொல்கிறேன். ‘டி’ என்றால் டேட்டாவின் முதல் எழுத்து, ‘ரி’ என்றால் டைமின் முதல் எழுத்து. அடிக்கும்போது ஆங்கிலத்திலேயே அடியுங்கள்.

படி 1: திரையில் தெரிவதை நம்பாதீர்கள்

பிழை வந்ததும் கோடை (நிரல் வரிகளை) மாற்றத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. முதலில் ஸ்ட்ரிங்கின் உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பைதானில் ‘பிரிண்ட்’ போட்டால் அழகுபடுத்திய முகம்தான் தெரியும். ‘ரெப்ர்’ போட்டால்தான் உள்ளதை உள்ளபடி காட்டும். ஜாவாஸ்கிரிப்டில் ‘ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை’, பிஎச்பியில் ‘ஜேசன் என்கோட்’.

நிலாவெளிக் கோப்பை எடுத்துக்கொள்வோம். கோடில் எழுதியது:

டி:\டேட்டா\நிலாவெளி.சிஎஸ்வி

விண்டோஸில் பைதான் காட்டும் பிழைச் செய்தியின் கடைசியில் கோப்பின் பெயர் இப்படி இருக்கும்:

டி:\\டேட்டா\நிலாவெளி.சிஎஸ்வி

கண்ணை இங்கே ஊன்றுங்கள். முதல் இடத்தில் பின்சாய்கோடு இரண்டு, இரண்டாவது இடத்தில் ஒன்று. பலர் ‘யார் இங்கே இரண்டு போட்டது?’ என்று முதல் இடத்தைத் திருத்தப் போவார்கள். அது சரியாகவே இருக்கிறது. உண்மையான ஒரு பின்சாய்கோட்டை ரெப்ர் இரண்டாகத்தான் காட்டும். ஒன்றாகத் தெரிகிற இடத்தில் பின்சாய்கோடே இல்லை. அங்கே இருப்பது ஒரு புதுவரி எழுத்து, ஆஸ்கி எண் 10. நிலாவெளியின் முதல் எழுத்தான ‘என்’ அதற்குள் கரைந்துவிட்டது. விண்டோஸில் கோப்பின் பெயருக்குள் புதுவரி இருக்க முடியாது, ஆகவே ‘இன்வாலிட் ஆர்கியுமென்ட்’.

நீளத்தை எண்ணிப் பார்ப்பதும் உதவும். தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம். ‘திருகோணமலை’ நமக்கு ஆறு எழுத்து. பைதானின் ‘லென்’ 10 என்று சொல்லும், ஏனென்றால் உயிர்மெய்க் குறிகளைத் தனித்தனியாக எண்ணுகிறது. பிஎச்பியின் ‘எஸ்டிஆர்லென்’ பைட்டை எண்ணுவதால் 30 என்று சொல்லும். ‘கோ’வின் குறியை இரண்டு துண்டாகச் சேமித்திருந்தால் பைதானில் 11 வரும். இது எஸ்கேப் பிழை இல்லை. இதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

படி 2: பின்சாய்கோட்டுக்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள்

நம் மாவட்டத்து ஊர்களை வைத்தே ஒரு பரிசோதனை செய்யலாம். ஒவ்வொன்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுதி, முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு, சாதாரண ஸ்ட்ரிங்காகப் பைதானிடம் கொடுங்கள்.

நிலாவெளி: ‘என்’, புதுவரி. தம்பலகாமம்: ‘ரி’, டாப், எண் 9. வெருகல்: ‘வி’, செங்குத்து டாப், எண் 11. மூன்றுமே சத்தமில்லாமல் உடையும். உப்புவெளி வேறு மாதிரி. சின்ன ‘யு’ வந்தால் அதற்குப் பின்னால் யுனிகோட் எண்ணுக்கான நான்கு பதினறும (0 முதல் 9, ஏ முதல் எஃப்) இலக்கங்களைப் பைதான் எதிர்பார்க்கும். கிடைக்காததால் நிரலை ஓடவே விடாது. விண்டோஸில் ‘யூசர்ஸ்’ போல்டரை எழுதும்போது வரும் ‘யுனிகோட்எஸ்கேப்’ எரரும் இதே சாதிதான். அங்கே பெரிய ‘யு’, எட்டு இலக்கம் கேட்கும். சத்தம் போடுகிற பிழைக்கு நன்றி சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் பிடிபடும். தம்பலகாமத்தில் புகுந்த டாப் ஒரு ரிப்போர்ட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் யார் கண்ணிலும் படாது.

கிண்ணியா, மூதூர், சம்பூர் பைதானில் தப்பிவிடும். ‘கே’, ‘எம்’, ‘எஸ்’ ஆகியவற்றுக்கு அங்கே கட்டளைப் பொருள் இல்லாததால் பின்சாய்கோடு அப்படியே நிற்கும். ஆனால் இதை நம்பி இருக்க வேண்டாம். பைதான் 3.12 முதல் இதற்கு ‘சின்டாக்ஸ் வார்னிங்’ தெரிகிறது. அதே கிண்ணியாவை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுத்தால் பின்சாய்கோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ‘கே’யை மட்டும் வைத்துக்கொள்ளும், போல்டர் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். ஜாவாவும் சி ஷார்ப்பும் கம்பைல் பண்ணவே மறுக்கும். சம்பூர் இன்னும் வேடிக்கை: ஜாவா 15 முதல் பின்சாய்கோடும் ‘எஸ்’ஸும் சேர்ந்தால் ஓர் இடைவெளி. ஒரு மொழியில் ஓடிய வரியை இன்னொரு மொழிக்கு வெட்டி ஒட்டும்போது வருகிற பாதிப் பிழைகளுக்குக் காரணம் இதுதான்.

படி 3: திருத்தம்

இதில் அதிகம் சொல்ல இல்லை. பின்சாய்கோட்டை இரட்டிப்பாக்கலாம். பைதானில் மேற்கோளுக்கு முன் சின்ன ‘ஆர்’ போட்டு ‘ரா ஸ்ட்ரிங்’ ஆக்கலாம், சி ஷார்ப்பில் @ போடலாம். என் தெரிவு மூன்றாவது: பாதைகளை முன்சாய்கோட்டால் (/) எழுதுங்கள், அல்லது ‘பாத்லிப்’ போன்ற நூலகத்திடம் (ஆயத்த நிரல் தொகுப்பு) விடுங்கள். விண்டோஸில் நிரல் வழியாகக் கோப்புத் திறக்க முன்சாய்கோடு பொதுவாக வேலை செய்யும். லினக்ஸ் சேர்வருக்கு மாற்றும் நாளில் தலைவலியும் இல்லை. ரா ஸ்ட்ரிங்கில் ஒரு பொறி உண்டு: அது தனி ஒரு பின்சாய்கோட்டில் முடிய முடியாது. போல்டர் பெயரின் கடைசியில் \ வைக்கிற பழக்கம் இருந்தால் அங்கே இடறும்.

படி 4: எத்தனை வாசலைத் தாண்டுகிறது என்று எண்ணுங்கள்

ஒரு ஸ்ட்ரிங் உங்கள் கோடிலிருந்து தரவுத்தளத்துக்குப் போய், ஜேசனாக (மென்பொருள்கள் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) திரும்பி, சிஎஸ்வியாக (கொமாவால் பிரித்த பட்டியல்) எக்ஸெலுக்குப் போகிறது என்றால் ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு சட்டம். கோணேஸ்வரம் இருக்கும் சுவாமி மலைப் பாறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் ‘லவர்’ஸ் லீப்’. எல்லாவற்றையும் குழப்ப நடுவில் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோள் ஒன்றே போதும்.

தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் ஒற்றை மேற்கோளோடு ஸ்ட்ரிங் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும்; மீதி எழுத்துகள் கட்டளையாகிவிடும். தரநிலைப்படி அங்கே மேற்கோளை இரட்டிப்பாக்க வேண்டும். ஆனால் கையால் இரட்டிப்பாக்குவதை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன். கேள்விக்குறியோ பெயரோ வைத்து, மதிப்பைத் தனியாக அனுப்பும் ‘பராமீட்டர்’ முறையே சரி. மேற்கோள் பிரச்சினையும் தீரும், வெளியார் கட்டளை நுழைப்பதும் தடைப்படும்.

ஜேசனில் அதே ஒற்றை மேற்கோளுக்கு எஸ்கேப் தேவையே இல்லை. நல்ல எண்ணத்தோடு அதன் முன் \ போட்டால் ஜேசன் முழுவதுமே செல்லாததாகிவிடும். அங்கே இரட்டை மேற்கோளுக்குத்தான் \ வேண்டும். சிஎஸ்வியில் பின்சாய்கோட்டுக்குப் பொதுவாக வேலை இல்லை. அங்கே இரட்டை மேற்கோளை இரட்டை மேற்கோளாலேயே இரட்டிப்பாக்குகிறோம்.

பின்சாய்கோடுகள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகிக்கொண்டே போனால், ஏற்கெனவே எஸ்கேப் ஆனதை யாரோ மறுபடியும் எஸ்கேப் செய்கிறார்கள் என்று அர்த்தம். ‘ரிப்ளேஸ்’ போட்டு அவற்றை அழிக்காதீர்கள். எந்த வாசலில் இரண்டு முறை ஜேசனாக்குகிறோம் என்று தேடுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் ஜேசனில் \யு என்று தொடங்கும் எண் வரிசையாக மாறித் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பைதானின் ஜேசன் நூலகம் இயல்பாகவே ஆஸ்கிக்கு வெளியே உள்ளதை அப்படித்தான் எழுதும். வாசிக்கும் பக்கம் அது மீண்டும் தமிழாகிவிடும். கண்ணுக்குத் தமிழாகவே தெரிய வேண்டுமென்றால் ‘என்ஷ்யூர் ஆஸ்கி’ என்ற அமைப்பைப் பொய் (ஃபால்ஸ்) என்று வையுங்கள்.

படி 5: திகதியை ஸ்ட்ரிங்காக வைத்திருக்காதீர்கள்

உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதி. வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் 04/05/2025 என்று பதிவு அனுப்பியிருந்தார். வந்து இறங்கியது ஏப்ரல் 5.

“தம்பி, மே 4 எண்டுதானே உன்ர சிஸ்டம் காட்டுது? அறை எல்லாம் பெயின்ற் அடிச்சுக் கிடக்கு.”

“அண்ணை, அவர் மாதத்தை முதல் எழுதுற ஆள். நாங்கள் நாளை முதல் எழுதுறம். சிஸ்டத்துக்கு அது தெரியாது.”

தெரிய வழியுமில்லை. அந்த எட்டு இலக்கத்துக்குள் எது நாள், எது மாதம் என்ற தகவலே இல்லை. இலங்கையில் நாம் நாளை முதலில் எழுதுகிறோம், அரச படிவங்கள் பலவற்றில் ஆண்டை முதலில் எழுதுகிறோம், அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுகிறார். ஆகவே உள்ளே வாங்கும்போது வடிவத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டு உடனே திகதிப் பொருளாக (டேட் ஒப்ஜெக்ட்) மாற்றுங்கள். இடையில் எங்காவது எழுத்தாக அனுப்ப வேண்டியிருந்தால் 2025-04-05 என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவம். 1988இல் வந்த தரநிலை இது. அகர வரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். திரையில் ஆளுக்கு ஏற்ற வடிவத்தைக் காட்டுவது கடைசி வரியில் மட்டும். படிவத்தில் பெட்டி வைப்பதென்றால் மாதத்தின் பெயரோடு காட்டுங்கள், சண்டையே இல்லை.

எக்ஸெலில் ஏற்கெனவே கெட்டுப்போன பட்டியல் கையில் இருந்தால் ஒரு வழி உண்டு. திகதிகள் இருக்கும் கொலத்தின் அகலத்தைக் கூட்டிவிட்டுப் பாருங்கள். சில திகதி வலப்பக்கம், சில இடப்பக்கம் ஒட்டியிருக்கும். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தபோது, 14/04 என்ற சித்திரைப் புத்தாண்டைப் புரிந்துகொள்ள முடியாமல் எக்ஸெல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் விட்டுவிட்டது. வலப்பக்கம் சமர்த்தாக நிற்பவைதான் ஆபத்து: அவை நாளும் மாதமும் 12க்குள் இருந்ததால் சத்தமில்லாமல் இடம் மாறியவை. இடப்பக்கத்தை மட்டும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம்.

45752 போன்ற எண் தெரிந்தால் அது எக்ஸெலின் உள் எண், 2025 ஏப்ரல் 5. எல்லாமே 1970 ஜனவரியாகத் தெரிந்தால், விநாடிகளில் வந்த எண்ணை மில்லிவிநாடி என்று யாரோ வாசிக்கிறார்; 1000ஆல் பெருக்க வேண்டும்.

படி 6: வடிவ எழுத்துகளில் பெரிதும் சிறிதும்

திகதியை எப்படிக் காட்டுவது என்று மென்பொருளுக்குச் சொல்லும் எழுத்துகள்தான் வடிவ எழுத்துகள். விளைவைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடக்கூடிய இடம் இது.

மாதம் 37 என்று வந்ததா? ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ மாதத்துக்குச் சின்ன ‘எம்’ போட்டிருக்கிறீர்கள், அது நிமிடம். மாதத்துக்குப் பெரிய ‘எம்’. பைதானில் இது தலைகீழ்: % உடன் சின்ன ‘எம்’ மாதம், பெரிய ‘எம்’ நிமிடம். மைஎஸ்கியூஎல்லில் பெரிய ‘எம்’ மாதத்தின் பெயர், நிமிடத்துக்கு ‘ஐ’. பிஎச்பியிலும் நிமிடத்துக்கு ‘ஐ’தான், அங்கே மணிக்குப் பக்கத்தில் பழக்கதோஷத்தில் ‘எம்’ போட்டால் ஏப்ரல் மாதம் முழுவதும் நேரம் 09:04, 10:04, 14:04 என்றே காட்டும். மே 1ஆம் திகதி அது 05 ஆகும்போதுதான் பலருக்குப் பொறி தட்டும்.

நாள் 95 என்று வந்தால் ஜாவாவில் பெரிய ‘டி’ போட்டிருக்கிறீர்கள்: ஆண்டின் 95ஆம் நாள், அதாவது 2025இல் ஏப்ரல் 5. பிற்பகல் 2 மணி 02:00 என்று வந்தால் சின்ன ‘எச்’.

மிகவும் நயவஞ்சகமானது ஜாவாவின் பெரிய ‘வை’. அது வாரக் கணக்கிலான ஆண்டு. பெரும்பாலான நாட்களில் சரியாகவே காட்டும். 2024 டிசெம்பர் 30 திங்கட்கிழமை 2025இன் முதல் வாரத்துக்குள் வருவதால், அன்று 2025-12-30 என்று காட்டும். ஆண்டுக் கடைசி விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போன நேரத்தில் வெளிவரும் பிழை.

படி 7: திகதி வடிவத்துக்குள் எஸ்கேப்

இரண்டு பிழையும் ஒரே வரியில் சந்திக்கும் இடம். பிஎச்பியில் ‘05/04/2025 அட் 14:00’ என்று காட்ட நினைத்து, ‘அட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே வடிவத்துக்குள் எழுதினால் கிடைப்பது ‘பிஎம்30’. ‘ஏ’ என்றால் முற்பகலா பிற்பகலா, ‘ரி’ என்றால் அந்த மாதத்தில் எத்தனை நாள்: ஏப்ரலுக்கு 30. இரண்டு எழுத்துக்கும் முன்னால் \ போட வேண்டும். போட்டாயிற்று, ஆனால் மேற்கோள் இரட்டை என்றால்? திகதிச் செயலியிடம் போய்ச் சேருவதற்கு முன்பே பிஎச்பி ‘\ரி’யை டாப் ஆக்கிவிடும். ‘ஏ’யும் ஒரு வெற்றிடமும் மட்டும் மிஞ்சும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள், அல்லது ‘ரி’க்கு முன் இரண்டு \ போடுங்கள். ‘அன்று’ என்று தமிழில் எழுதியிருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. தமிழ் எழுத்து எதற்கும் அங்கே கட்டளைப் பொருள் கிடையாது.

ஜாவாவில் சொற்களை ஒற்றை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். சி ஷார்ப்பில் இன்னொரு விதம்: / என்பதே கட்டளை. ‘இந்தக் கணினியின் திகதிப் பிரிப்பான்’ என்று அதற்குப் பொருள். உங்கள் மடிக்கணினியில் 05/04/2025 என்று வந்தது சேர்வரில் 05-04-2025 ஆகிப்போனால் காரணம் இதுதான். எந்த நாட்டு அமைப்பையும் சாராத ‘இன்வேரியன்ட் கல்ச்சர்’ கொடுங்கள், அல்லது @ போட்ட ஸ்ட்ரிங்கில் / முன்னால் \ போடுங்கள்.

படி 8: ஒரு நாள் முந்திப்போகும் திகதி

ஜாவாஸ்கிரிப்டில் 2025 ஏப்ரல் 5 நள்ளிரவை உருவாக்கி, ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்காக மாற்றினால் ஏப்ரல் 4, 18:30 என்று வரும். நாம் உலக நேரத்துக்கு (யூடிசி) 5:30 மணி முன்னால் நிற்பதால் வரும் விளைவு. வெட்டி எடுத்து முதல் பத்து எழுத்தைச் சேமிப்பவர்களுக்கு எல்லாத் திகதியும் ஒரு நாள் குறையும். அங்கே மாதம் 0இலிருந்து தொடங்குகிறது என்பதையும் மறக்காதீர்கள், ஏப்ரலுக்கு 3.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கப்பல் வந்த நேரம் என்பது ஒரு கணம். உலக நேரத்தில் சேமியுங்கள். விருந்தினர் வரும் நாள் கணம் அல்ல, நாட்காட்டியில் ஒரு கட்டம்; நேரமே இல்லாத ‘டேட்’ வகையில் சேமியுங்கள். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் ‘ஒரு நாள் குறையுது’ புகார்களில் பெரும்பகுதி தானாக நின்றுவிடும்.

5:30ஐக் கோடில் நேராகக் கூட்டிக் கழிக்கவும் வேண்டாம். 1996 மே 25இல் இலங்கை நேரம் 6:30 ஆனது, அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் 6:00 ஆனது, 2006 ஏப்ரல் 15இல்தான் மீண்டும் 5:30க்கு வந்தது. ‘புது நேரமா பழைய நேரமா’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்துப் பதிவுகளைக் கையாளும்போது ‘ஏசியா/கொழும்பு’ என்ற நேர வலயப் பெயரைக் கொடுத்தால் நூலகமே வரலாற்றைப் பார்த்துக்கொள்ளும்.

அடையாள அட்டையிலிருந்து பிறந்த திகதி

இலங்கையில் மென்பொருள் எழுதுபவர் எல்லோரும் ஒருநாள் இதற்குள் வந்து விழுவார்கள், அதனால் தனியாகச் சொல்கிறேன். பழைய தேசிய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து வந்த 12 இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கம், நாள் அதே முறை.

பொறி எங்கே என்றால், இந்தக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள். 90061 என்று தொடங்கினால் 1990 மார்ச் 1. ஆனால் 1990 நெட்டாண்டு இல்லையாதலால், ஆண்டின் எத்தனையாவது நாள் என்று வாசிக்கும் பைதானின் ‘%ஜே’யிடம் 61ஐக் கொடுத்தால் மார்ச் 2 என்று சொல்லும். பெப்ரவரிக்குப் பின் பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும், நெட்டாண்டில் பிறந்தவர்களைத் தவிர. ஆகவே திகதியை ஏதாவது ஒரு நெட்டாண்டை, 2000ஐ, வைத்துக் கண்டுபிடித்து, கிடைத்த மாதத்தையும் நாளையும் உண்மையான ஆண்டோடு சேருங்கள். ஆண்டை இரண்டு இலக்க ஆண்டு வாசிக்கும் சின்ன ‘%வை’யிடம் விடவும் வேண்டாம்: பைதான் 68 வரை 2000களில் போடும், 1945இல் பிறந்த பாட்டி 2045இல் பிறந்துவிடுவார். பழைய எண்ணுக்கு முன்னால் 19 சேருங்கள்.

படி 9: சோதனைக்கு எதைக் கொடுப்பது

01/01/2025ஐக் கொடுத்துச் சோதிப்பது சோதனையே அல்ல. நாளும் மாதமும் இடம் மாறினாலும் தெரியாது. நான் வைத்திருக்கும் தொகுப்பு இது: 12ஐத் தாண்டிய நாளுக்கு 2025-04-14, இடம் மாறினால் காட்டிக்கொடுக்க 2025-04-05, நெட்டாண்டுக்கு 2024-02-29, வார ஆண்டுக்கு 2024-12-30. நேரத்துக்கு அதிகாலை 03:00. 5:30க்கு முன்னால் இருப்பதால் உலக நேரத்தில் முதல் நாளுக்குப் போய்விடும், பிழை இருந்தால் உடனே தெரியும். பெயருக்கு ‘லவர்’ஸ் லீப்’, முகவரிக்கு நடுவில் ஒரு கொமாவும் ஒரு புதுவரியும், போல்டருக்கு உப்புவெளியும் தம்பலகாமமும், ஒரு தமிழ்ப் பெயர். இவற்றைப் படிவத்தில் போட்டு, தரவுத்தளத்துக்கு அனுப்பி, சிஎஸ்வியாக எடுத்து, மீண்டும் உள்ளே ஏற்றுங்கள். போனது எழுத்துக்கு எழுத்து அப்படியே திரும்பி வராத வாசலில் நின்று படி 1ஐத் தொடங்குங்கள்.